அக்கா திருகாத நாப்

ஜூலை 7, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. பெர்மாஸ் ஜெயா சாலையில் வண்டிகள் ஜாம். ஃபேக்டரி வேலைக்குப் பத்து நிமிடம் லேட்.

லேபிள் ஒட்டும் மெஷினில் தகராறு. உருளையைச் சுழற்றும் சின்ன மோட்டார் திடீரென்று முழு வேகம். ஒரு சுருள் லேபிள் பாழ். மெஷினில் நின்றது சரோஜா அக்கா. வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு, அதைக் கூட்டிக் குறைக்கத் திருகும் நாப், எல்லாம் போன மாதம் நான் செய்தது.

அக்கா சூப்பர்வைசரிடம்: "நான் நாப்ப தொடவே இல்ல சார். அதுவா பறந்துச்சு."

சூப்பர்வைசர் தேவன் என்னைப் பார்த்தார். "தானா எல்லாம் ஓடாது சார்" என்றேன். ரிப்போர்ட்டில் எழுதியது: நாப் அளவுக்கு மேல் திருகப்பட்டது. போர்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் செய்து வைத்திருந்த இன்னொன்றை மாட்டிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்
அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். பேக்கிங்குக்கு மாற்றம். அடுத்த மாதம் அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது; கடிதம் இருந்தால் புதுப்பிப்பது சந்தேகம்.

கேண்டீனில் யாரோ: "வயசாச்சு லா, கை நிக்கல." சிரிப்பு. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

வாங்க வேண்டியது: பல்பு, அம்மா மாத்திரை, சீனி.

ஜூலை 9, புதன்
மறுபடியும். மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தது நானே. நாப் பாதிக்கும் கீழே. மோட்டார் பறந்தது. நாப்பைப் பூஜ்யத்துக்குத் திருகினேன், நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

போர்டைத் திறந்தேன். டிரான்சிஸ்டர் ஷார்ட்.

மின்சாரத்தை நொடிக்கு ஆயிரம் தடவை கொடுத்துக் கொடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. கொடுக்கும் நேரம் கூடினால் வேகம், குறைந்தால் மெது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மோட்டாரிலிருந்து மின்சாரம் திருப்பி உதைக்கும். அந்த உதையைத் தாங்க மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு வேண்டும். சர்க்யூட் படத்தில் இருக்கிறது, நான் வரைந்த படம். போர்டில் இல்லை. திங்களன்று கழற்றியதையும் திறந்து பார்த்தேன், அதிலும் இல்லை. உதை வாங்கி வாங்கி டிரான்சிஸ்டர் செத்து, மின்சாரம் நிற்காமல் பாய்ந்திருக்கிறது.

அக்கா சொன்னது அப்படியே நிஜம்.

டிரான்சிஸ்டரை மாற்றி, டயோடு வைத்துப் பற்றவைத்தேன். ஒழுங்காக ஓடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்
தேவன் சார் அறை வாசல்வரை இரண்டு தடவை. இரண்டு தடவையும் திரும்பி வந்தேன்.

பேக்கிங் பக்கம் அக்கா பெட்டி மடிக்கிறார். "சாப்டியா தம்பி?" தலையாட்டினேன். சாப்பிடவில்லை.

ஜூலை 11, வெள்ளி
சொல்லிவிட்டேன்.

தேவன் சார்: "அலமாக், என்னடா இது! தெரிஞ்சும் ரெண்டு நாளா வாய மூடிட்டா இருந்த?"

ரிப்போர்ட்டை மாற்றி எழுதினேன். தவறு என்னுடையது. அக்காவின் கடிதம் வாபஸ். எனக்கு ஒன்று வந்தது. வரவேண்டியதுதான்.

பேக்கிங்குக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். "போர்டுல தப்பு பண்ணது நான்தான் அக்கா. மன்னிச்சிருங்க."

அக்கா கையிலிருந்த பெட்டியை மடித்து முடித்தார். "தப்பு யாருக்கும் வரும்பா. அன்னிக்கு நான் சொல்றப்ப நீ என் மூஞ்சியகூட பாக்கல."

ஜூலை 12, சனி
அரை நாள் வேலை. அக்காவை மெஷினுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். "பேக்கிங்லயே இருக்கேன் சார்" என்றாராம்.