நோவு தொடங்கிய தேதி

ஜோகுபாளையம், பெங்களூர்
18.10.1998

சௌபாக்கியவதி வீணாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஸ்ரீஹர்ஷாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகம். இங்கே பத்து நாளாக விடாத மழை, பின்பக்கச் சுவர் ஊறிப்போயிருக்கிறது, பக்கத்து வீட்டு டெஸ்மண்ட்தான் காஸ் சிலிண்டர் மாற்றித் தருகிறார், என்னைக் குனிய விடுவதில்லை. உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. என் முதுகு ஆபரேஷனுக்கு முந்தின வாரமே வருவதாகவும் டிக்கெட் எடுத்தாயிற்று என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, டெஸ்மண்ட் வந்துதான் தூக்கிவிட்டார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இதுவும் சரியாக வருமா என்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்த முறையில் வரிசையாகச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த டாக்டர், அதுவரை பயிற்சி செய்யட்டும் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே மௌரீன் என்று ஒரு பெண், அல்சூர்க்காரி, தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் கலந்து பேசுவாள். முதல் நாள் வரிசையில் இருந்த எல்லோரிடமும் கேட்ட மாதிரியே என்னிடமும் கன்னடத்தில், நோவு யாவாக ஷுரு ஆயித்து, வலி எப்போது தொடங்கியது என்று கேட்டாள். நான் யோசிக்காமல், தொண்ணூற்றாறு ஜூன் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்தேகால் என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு, இன்னா அங்கிள், நோவுக்கு ஜாதகமா எழுதப் போறீங்க, நிமிஷம்லாம் சொல்றீங்களே என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்துதான் எனக்கு உறைத்தது. உங்கள் எல்லோரிடமும் நான் சொல்லிவந்தது ஜூலை இருபது, சிலிண்டர் தூக்கிய நாள். கன்னடத்தில் உடம்பின் வலி, மனசின் வலி இரண்டுக்கும் நோவு என்ற ஒரே சொல்தானே. அவள் ஒன்றைக் கேட்டாள், நான் மற்றொன்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

வலி எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னாள். சர்வே ஆபீஸில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவனுக்கு அது புதிதில்லை, வலித்த நாளையெல்லாம் டைரியில் ஏற்கெனவே குறித்துத்தான் வந்தேன். இரண்டு வருஷத்தையும் கட்டம் போட்டு நிரப்பிப் பார்த்தேன். பாரம் தூக்கிய நாட்களில் அதிகம் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் இருக்கிறது. நீ போன் பேசும் கிழமை. ஆகஸ்டில் லைன் செத்து இரண்டு வெள்ளி உன் போன் வரவில்லையே, அந்த இரண்டு நாளும் நான் நிமிர்ந்து நடந்து அல்சூர் மார்க்கெட் வரை போய் வந்திருக்கிறேன். பெற்ற பெண்ணின் குரல் வரும் நாளில் முதுகு பிடித்துக்கொள்கிறது என்று எழுதக் கை கூசுகிறது. நோட்டைப் பார்த்த மௌரீன், எக்ஸ்ரே படத்துல உங்க வயசுக்கு இருக்குற தேய்மானம்தான் அங்கிள், வலி பொய் இல்ல, ஆனா இது முதுகோட மட்டும் நிக்கல, வெள்ளிக்கிழமைன்னா யாருகிட்ட பயம் உங்களுக்கு என்று கேட்டாள். நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கான பதிலை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை என்று உனக்குச் சொன்னேன். அது பொய். திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பெண்ணை வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கு ஏழாம் மாதம், முதல் தடவை கலைந்தது வேறு என் மனதில் நின்றது. ஜூன் பன்னிரண்டு, புதன்கிழமை ஐந்தேகாலுக்கு நான் உன்னோடு பேசியது வீட்டிலிருந்து அல்ல, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து. அம்மா எங்கேப்பா என்றாய். தூங்குகிறாள் என்றேன். எழுப்பாதேப்பா, வெள்ளிக்கிழமை நானே பேசறேன் என்று வைத்துவிட்டாய். உன் வயிற்றுப் பிள்ளைக்காக மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதி, உன் அழுகையைக் காதால் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மாப்பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. திரும்பிப் போனதும் அம்மா, கொழந்தைகிட்ட சொல்லிட்டேளா என்று கேட்டாள். டிக்கெட் எடுத்தாயிற்று, வருகிறாள் என்றேன். நீ இப்போது எழுதியிருக்கும் அதே வார்த்தைகள். வியாழன் விடியும்வரை அவள் கதவுப் பக்கமே ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அறுத்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது, தப்பாகவும் இருக்கலாம். இதை எழுதினால் வலி போய்விடும் என்று எண்ணி எழுதவில்லை, இந்த வரியை எழுதும்போதும் இருக்கிறது. கடிதம் உனக்குக் கிடைக்கப் பத்து நாள் ஆகும். அதற்கு அடுத்த வெள்ளியும் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். மணி அடிக்காவிட்டால் லைன் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள மாட்டேன். டிக்கெட்டை ரத்துச் செய்தாலும் உன்மேல் எனக்குக் குறை இல்லை.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, நோயில்லாமல் இருக்க வேண்டும். வருவதானால் ஒன்றை மட்டும் மறக்காதே, பிளேனில் இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொள். இது என் புத்திமதி அல்ல. நீ வருகிறாய் என்று நான் சொன்னதும் அம்மா சொன்னது. ஏழு மாசம், இவ்ளோ தூரம் உக்காந்துண்டு வரா, இடுப்புக்குத் தலகாணி வெச்சுக்கச் சொல்லுங்கோ என்றாள். சொல்கிறேன் என்றேன். இப்போதுதான் சொல்கிறேன்.

உன் அப்பா,
கோதண்டராமன்