வண்டி இன்னும் அதிர்கிறதாம்

அன்புள்ள அம்முவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, நீ போனில் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதப் போன பேனா கொஞ்சம் நின்றுவிட்டது, பதில் இவ்வளவு தாமதமானதற்கும் அதுதான் காரணம். போனிலேயே சொல்லலாமே என்பாய். உன் பெயர் வந்தாலே ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு என்று அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், பிறகு நான் எதைச் சொல்வது?

நீ விட்டுவிட்டுப் போன வண்டியைத்தான் அப்பா இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு ஓட்டிப் போகிறார். மழை விட்டதிலிருந்து வண்டி அதிருது, கை மரத்துப் போகுது என்று ஒரே புலம்பல். நானும் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன், பொய்யில்லை, பல் கிடுகிடுவென்று ஆடியது. வாய் ஓயாமல் பேசுகிறாரென்று நீ சைலன்சர் எனப் பெயர் வைத்தாயே, அந்த மெக்கானிக்கிடம் காட்டினோம். இன்ஜினை ஃபிரேமோடு பிடித்து வைக்கும் இடங்களில் ரப்பர் இருக்கிறதாம், அது தேய்ந்து வெடித்துவிட்டதால்தான் இன்ஜினின் உதறல் அப்படியே கைப்பிடிக்கு வருகிறதாம், மவுண்ட் ரப்பர் மாத்திட்டா வண்டி வழுக்கிக்கிட்டுப் போகும்க்கா என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய ரப்பரையே துடைத்துக் கறுப்பு பூசித் திரும்ப மாட்டிவிடுவாரோ என்று எனக்கு உறுத்தல். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால், நீ வைத்துவிட்டுப் போன ரோஸ் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்து, வெளியே எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு ரப்பர் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, என்ன, வண்டிக்குக் கல்யாணமா, சந்தேகப் பிராணி, சந்தேகப் பிராணி என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

வேலை முடிந்ததும் பழசைக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று நின்றேன். பழச வெச்சு என்னக்கா பண்ணப் போறீங்க, ஊறுகாயா போடப் போறீங்க என்று சைலன்சர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பாதவெடிப்பு மாதிரி பிளந்திருந்த ரப்பர்களில் என் ரோஸ் பொட்டு அப்படியே இருந்தது. சரி, மனுஷன் மாற்றித்தான் இருக்கிறார் என்று நிம்மதியானேன். ஆனால் அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்த அப்பா, ஒண்ணும் மாறல, முன்னைவிட ஜாஸ்தி அதிருது என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறை வாசலிலேயே சண்டை பிடித்தேன், பொட்டு வைத்ததைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சைலன்சருக்கு ரோஷம் வந்துவிட்டது, சாவிய என்கிட்ட நீட்டாதீங்க, நீங்களே ஓட்டிப் பாத்துட்டு வந்து பேசுங்க என்றார்.

ஓட்டினேன். முன்பெல்லாம் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் கரைந்துபோன சாயம் மாதிரி தெரியும். இப்போது பஸ் டிரைவர் பல் குத்துவதுகூடப் பளிச்சென்று தெரிந்தது. மெதுவாக, வேகமாக, மேட்டில் ஏற்றி, எல்லா விதமாகவும் பார்த்தேன், கைப்பிடி கல் மாதிரி நின்றது. நான் பிசிக்ஸ் படித்தவள், வண்டி அதிர்ந்தால் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும்தானே அதிர வேண்டும்? திரும்பி வந்து இறங்கினேன். என்னக்கா, இப்ப என்ன சொல்றீங்க என்று ஜெயித்த மாதிரி ஆரம்பித்த சைலன்சர், என் முகத்தைப் பார்த்ததும் தானாகவே பேச்சை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நான் அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். பூட்டில் சாவி நுழையவில்லை, சாவி தேய்ந்துவிட்டதாம். டம்ளரில் பாதிக்கு மேல் டீ வேண்டாம், நாக்கு சுடுகிறதாம். சட்டை மேல் பொத்தான் போடுவதில்லை, புழுக்கமாம். இப்ப வர்ற ஸ்குரூ எதுவும் சரியில்ல என்று கடையைப் பற்றியும் குறை. என் கண்ணாடிக் காம்பு லூசாகிவிட்டதென்று சாக்குச் சொல்லிக் கடைக்குப் போனேன். என் ஃபிரேமை வேறு யாரையும் தொட விடாத மனுஷன், வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் அதைக் கொடுத்து முடுக்கச் சொல்லிவிட்டு, வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கவுன்டரில் நின்று சிரிக்கிறார். அந்தக் கைதான் அவர் பிழைப்பு, அம்மு. அதுவே ஆடினால், அந்தக் கடையில் வெறுமே சிரித்துக்கொண்டு எத்தனை நாள் நிற்க விடுவார்கள்? டாக்டரிடம் போகலாமா என்று நேராகவே கேட்டேன். மொதல்ல அந்த வண்டிய ஒழுங்கா பாக்கச் சொல்லு என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். போன லீவில் வந்தபோது அப்பாவுக்கு நீ வாங்கித் தந்தவற்றை நேற்று கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். கயிறு கட்ட வேண்டாத ஷூ, பொத்தான் இல்லாத டீ ஷர்ட்டுகள், மூடி போட்ட பெரிய காது வைத்த கப். அன்றைக்கு ஏதோ புது நாகரிகம் என்று நினைத்தேன். விரலுக்கு வேலை வைக்கிற பொருள் அதில் ஒன்றுகூட இல்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாகிட்ட சொல்லாதே, பயந்துருவா என்று அவர் உன்னிடம் கெஞ்சியிருப்பார், நீயும் தலையாட்டியிருப்பாய். பயப்படத்தான் செய்கிறேன். ஆனால் சொந்த வீட்டிலேயே உளவு பார்த்துக்கொண்டு திரிவதைவிடப் பயப்படுவதே மேல்.

அப்பா ஓட்டாமல் இருக்கட்டும் என்று வண்டியை மறுபடி பட்டறையில் விட்டிருக்கிறேன், வேறு ரப்பர் வர வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யாரைத் திருடன் என்று நினைத்தேனோ அந்த சைலன்சர்தான் தினமும், இன்னும் பார்ட்ஸ் வரலண்ணே என்று எனக்காகப் பொய் சொல்கிறார். அவர் வாய் எத்தனை நாள் தாங்குமோ தெரியாது. அப்பா பஸ்ஸில் போய் வருகிறார், படியில் கம்பியை எந்தக் கையால் பிடிக்கிறாரோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. நான் கூப்பிட்டால் டாக்டரிடம் வர மாட்டார், நீ கூப்பிட்டால் வருவார். லீவு கேட்டு வா. வரும்போது அவரிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, கையைப் பிடித்துக்கொண்டு நேராக அழைத்துப் போ.

நீ நன்றாக இரு, எடுத்த வேலையெல்லாம் நல்லபடி நடக்கட்டும், உன் கைகால் சுகத்துக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, என் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பு. உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடு, நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குக் கீழே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்த
உன் அம்மா