தேவகிக்கு நீ பார்த்த சைக்கிள்

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் யாரோ ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த சொலுசன் பசை வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் தறியில் இருந்த என் கை நின்றுவிட்டது. உன் முந்தானையில் எப்போதும் இருந்த வாசனை அது. நீ போன பிறகு நான் அதைத் தேடிப் போனதில்லை. அதுவாக வந்தது.

நீ உயிரோடு இருந்தபோது உன் முகத்துக்கு நேரே சொல்லாததை இப்போது சொல்கிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று சொல்லவில்லை, இன்னும் இருக்கிறது.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு படவேட்டுப் பக்கத்திலிருந்து நீ இந்த வீட்டுக்கு வந்தாய். வந்த மாதமே அவனுடைய சைக்கிளை எடுத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருக்கோடிவரை ஓட்டிப் போனாய். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. "மானம் போவுதுடி, இறங்கு" என்று நான் கத்தினேன். என் தேவகி அப்போது சின்னப் பெண். பின்னாலேயே ஓடிப்போய் கேரியரில் தொற்றிக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை என்னிடம் அவள் சிரித்ததில்லை.

அவள் எட்டாவது முடித்த கோடையில்தான் பேச்சு வந்தது. உயர்நிலைப் பள்ளி குன்றுக்கு அந்தப் பக்கம். நேரத்துக்கு பஸ் கிடையாது. நடந்து போய்வந்தால் வீடு சேர இருட்டிவிடும். "படிச்சது போதும், தறியில உக்காரட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். விடாமல் சண்டை போட்டது நான். பட்டினி கிடந்ததும் நான். நீ அதை மறந்திருக்க மாட்டாய். ஆனால் மற்றவர்கள் மறந்துவிட்டார்கள்.

கடைசியில் அவர் இறங்கிவந்தார். வாங்குவது பெரிய ஜென்ட்ஸ் சைக்கிளாக இருக்க வேண்டும், லீவு நாளில் அவரும் ஆரணிக்குத் தறிப் பாவு எடுத்துப்போகலாம் என்றார். எனக்கு வேறு ஆசை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பச்சை நிற லேடீஸ் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். முன்னால் கூடை, டைனமோ விளக்கு, கைப்பிடியில் குஞ்சம். என் மகள் அதில் போவதை இந்தத் தெரு பார்க்க வேண்டும் என்றிருந்தது.

நீ இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. "மேட்டுல ஓட்டிப் பார்க்காம இன்னான்னு வாங்கறதுக்கா?" என்று கேட்டு, கொழுந்தனின் சைக்கிளையே தள்ளிக்கொண்டு எங்களைக் குன்றடிக்கு அழைத்துப் போனாய். தேவகிக்குப் பாதி மேடுகூட ஏறவில்லை. வண்டி நின்றதும் கால் தரைக்கு எட்டாமல் சாய்ந்து விழுந்தாள். நான் ஓடுவதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். முட்டியில் ஒட்டிய மண்ணை ஊதிவிட்டு, "பார்த்தியா, காலு ஊணணும். அதான் மொதல்ல" என்றாய். அழாமல் தலையாட்டினாள்.

மறுநாள் கடையில் நான் பச்சை வண்டியைக் காட்டினேன். நீ அதைச் சுற்றிவந்தாய், பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாய், பிரேக்கை அழுத்தினாய்.

"அழகாத்தான் கீதுக்கா. ஆனா கனம். டைனமோ சக்கரத்தைப் புடிச்சி இழுக்கும். பின்னாடி பல்சக்கரமும் சின்னது, மேட்டுல கொழந்தைக்கு மூச்சு வாங்கும்."

மூலையில் நின்றிருந்த பழைய கறுப்பு வண்டியை வெளியே இழுத்தாய். உயரம் குறைந்தது. பாவாடை மாட்டாதபடி செயினுக்கு மூடி, பின்சக்கரத்துக்கு வலை. கடைக்காரரிடம், "பின்னாடி பெரிய பல்சக்கரமா மாத்துங்க, பிரேக் கட்டை நாலும் புதுசா போடுங்க. ஏத்தத்துல நின்னுட்டா இறங்கித் தள்ளிகினு போவலாம். இறக்கத்துல நிக்கலன்னா இன்னா பண்ணுவா?" என்றாய்.

நான் விடவில்லை. "உனக்கு எதுடி வேணும், நீயே சொல்லு" என்று தேவகியைக் கேட்டேன்.

அவள் பச்சை வண்டியைத் தொட்டுப் பார்த்தாள். கைப்பிடிக் குஞ்சத்தை விரலில் சுற்றினாள். ஆசை முகத்தில் தெரிந்தது. பதில் சொல்வதற்கு முன்னால் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தாள். நீ குனிந்து கறுப்பு வண்டியின் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்படியும், "கறுப்பே போதும்மா" என்றாள்.

பள்ளி திறந்த அன்று உன்னிடம் சொல்லாமல் நான் முன்னாலேயே போய் மேட்டின் உச்சியில் புளியமரத்தடியில் நின்றேன். கையில் விபூதி மடித்து வைத்திருந்தேன். அவள் மிதித்து மிதித்து வந்தாள். நீ பின்னால் ஓடிவந்தாய், பிடிக்காமல், தொடாமல். இறங்காமலே ஏறிவிட்டாள். நான் நின்ற இடத்தைத் தாண்டும்போது கழுத்தைத் திருப்பி, "சித்தி, ஏறிட்டேன்!" என்று கத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தது நான். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து நிதானமாக அவள் போவதை நாம் இருவரும் நின்று பார்த்தோம். "பயப்படாதீங்கக்கா" என்று மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைப் பிடித்தாய். எனக்கிருந்தது பயம் இல்லை. உனக்கு அது தெரிந்திருந்ததா?

உனக்கு இரண்டு பையன்கள் இருந்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. பிள்ளை இல்லாதவள் என் மகளை எடுத்துக்கொண்டாள் என்றிருந்தால் மனசு எப்படியாவது ஒத்துக்கொண்டிருக்கும். நீயோ எல்லாம் இருந்தும் அவளையும் வைத்துக்கொண்டாய். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தாய். செயின் கழன்ற கதை, வகுப்பில் திட்டு வாங்கிய கதை, எல்லாம் முதலில் உன் அடுப்படிக்குத்தான் வந்தது. எனக்கு வந்தது ஆறிப்போய்.

ஒரு மழைக்காலத்தில்கூட அவள் விழவில்லை. பத்தாவது தேறினாள். இப்போது வேலூரில் நர்ஸாக இருக்கிறாள். உன் கணக்கு சரிதான். பச்சை வண்டி அந்த மேட்டில் அவளைக் களைக்க வைத்திருக்கும், அவள் படிப்பை நிறுத்தியிருப்பாள், அவள் அப்பாவும் தறியைக் காட்டியிருப்பார். இத்தனை தெரிந்தும் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு எரிகிறது.

மார்வலி என்று நீ உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தகவல் போய் தேவகி வந்து சேர்ந்தபோது கூடமெல்லாம் சனம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உன் காலடியில் விழுந்தாள். வாழ்நாளெல்லாம் உன்னைச் சித்தி என்று கூப்பிட்டவள், அன்று "அம்மா, அம்மா" என்று கதறினாள்.

அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாய்விட்டு அழுதேன். ஓரகத்திக்காக இப்படி அழுகிறாளே என்று நம் தெருப் பெண்கள் இன்றுவரை மெச்சிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் மறுத்ததில்லை. அந்த அழுகையில் எது உனக்காக, எது எனக்காக என்று எனக்கே இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.