வெண்பறை வயல்கள் மஞ்சளித்தது குறித்து

நலம் பெருகுக. மேகம் வரும் வழி மறவாதிருக்க. மண் தன் ஈரம் இழவாதிருக்க.

கொன்றைநாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், ஏழு ஏரிகளுக்கு மதகு கண்டவரும், மாமதில் நகரத்து அரியணையில் வீற்றிருப்பவருமான கோமகள் நன்முல்லையார் அருளியபடி ஓலைநாயகம் இளவெயினன் எழுதியது. வெண்பறை நாட்டு ஊரவையாரும், அவைத்தலைவர் வயிரவாணரும், ஏர் பிடிக்கும் குடிகள் அனைவரும் நின்று கேட்கக் கடவர்.

ஆடியில் விதைத்த மக்காச்சோளம் நாற்பது நாளாகியும் முழங்காலுக்கு மேல் வளராமல் மஞ்சளித்து நிற்கிறதென்றும், நிலத்தை உழாமல் காய்ந்த சோளத்தட்டை போட்டு மூடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்த சேந்தி என்னும் உழவர் மகளே இதற்குக் காரணமென்றும், அவள் நிலத்தை எடுத்துக்கொண்டு அவளை எல்லைக்கல்லுக்கு அப்பால் அனுப்பிவிட்டோமென்றும், அத்தீர்ப்புக்கு அரச முத்திரை வேண்டுமென்றும் நீங்கள் விண்ணப்பித்தீர்கள். முத்திரை வைத்துவிட்டால் அவள் தன் ஆயுள் முழுதும் ஒரு சாண் மண்ணையும் தனதென்று சொல்ல முடியாது. ஆகவே அதற்குமுன் விளைநிலக் கண்காணி பூழியனை விசாரிக்க அனுப்பினோம்.

பூழியன் உங்களுக்குப் புதியவன் அல்லன். சென்ற ஆண்டு மழை பொய்த்தபோதும் அவனே வந்தான். பழைய விதிப்படி ஏழு உழவு உழுத வயல்களில் மண் காய்ந்து புழுதியாகி, உச்சிவெயிலில் பயிரின் இலைகள் சுருண்டு கிடந்தன. சேந்தியின் வயல் மட்டும் கருகருவென்று நின்றது. அவளுடைய இரண்டு காளைகளில் ஒன்று இறந்துபோனதால் உழ வழியின்றி, விதை விழும் வரியை மட்டும் களைக்கொத்தால் கீறிவிட்டு, மீதி நிலத்தைப் பழைய தட்டையால் மூடியிருந்தாள். பூழியன் அந்த மூடாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தான். மண் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர்ச்சியில் அவன் மனமும் குளிர்ந்து, அன்றைக்கே ஓலை எழுதினான்: இனி ஏழு உழவு வேண்டா, மூடாக்கு ஒன்றே போதும் என்று. அதற்கு நாமும் முத்திரை வைத்தோம்.

இம்முறை அவன் வெண்பறைக்குள் நுழைந்தபோது நடந்ததையும் பேசியதையும் திருத்தாமல் எழுதுக என்பது கோமகள் ஆணை. அவைத்தலைவரின் சொல்லும் அவ்வாறே இங்கு நிற்கிறது.

"வாங்க கண்காணி, வாங்க. உங்க ஓலைக்கு விளைஞ்ச மஞ்சளைப் பாருங்க. அம்மனுக்குச் சாத்தலாம், வாயில போட முடியாது" என்றார் வயிரவாணர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பூழியன் சிரிக்கவில்லை. தன் ஓலையை நம்பிய ஊர் தன் கண்ணெதிரே வாடுவதைக் கண்ட மனிதனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

அவன் வயல் வயலாக இறங்கினான். மூடாக்குக்கு அடியில் ஈரம் இருந்தது. இலைகள் சுருளவில்லை, ஆகவே தாகம் அன்று. அடியிலைகள் நுனியில் வெளுத்து, அந்த வெளுப்பு நடுநரம்பைப் பிடித்துக்கொண்டு தண்டை நோக்கி இறங்கியிருந்தது. தட்டையை மேலே போடாமல் மண்ணுக்குள் வைத்து உழுதுவிட்ட ஒருவரின் வயல் எல்லாவற்றிலும் கேடாக இருந்தது. பறிக்கப்பட்ட சேந்தியின் வயலிலும் அதே மஞ்சள்தான். ஆனால் அதன் மேற்கு ஓரத்தில் ஆறு வரிகள் மட்டும் இடுப்புயரம் வளர்ந்து கரும்பச்சையாக நின்றன. ஈரம் ஒன்று, விதை ஒன்று, மூடாக்கும் ஒன்று. ஆறு வரிக்கு மட்டும் என்ன வாய்த்தது? ஊரவையில் கேட்டான். சூனியம் என்றார் ஒருவர். இன்னொருவர் அந்தப் பக்கமே பார்க்காமல் நின்றார்.

பூழியன் எல்லைக்கல்லைத் தாண்டி நடந்தான். அங்கே ஏறன் என்னும் இடையனின் ஆட்டுக்கிடை ஓரத்தில், ஓலைக் குடிசை ஒன்றில் சேந்தி இருந்தாள். நொண்டும் ஆடொன்றின் காலுக்குப் பச்சிலைப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"போன வருசம் நீ செய்ததைத்தானே அம்மா நான் எழுதினேன்? பிழை எங்கே?" என்று கேட்டான்.

"நான் செஞ்சதை எங்க எழுதினீங்க அய்யா? நீங்க பார்த்ததை எழுதினீங்க. மண்ணைத் தொட்டீங்க, தட்டையைத் தொட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? விதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் இவரு ஆடு என் நிலத்துல கிடந்துச்சு. நீங்க வந்தப்போ ஆடு போயிருச்சு."

"ஆட்டு எருவா காரணம்?"

"தட்டை மக்கணும்னா அதுக்கும் சாப்பாடு வேணும்ல? மண்ணுல இருக்கிற தழைச்சத்தை முதல்ல அது தின்னுரும். மிச்சம் இருந்தாத்தான் பயிருக்கு. கிடை போட்ட நிலம்னா ரெண்டுக்கும் பத்தும். போடாத நிலத்துல பயிரு பட்டினிதான். உள்ள வச்சு உழுதா இன்னும் வெறியாத் தின்னும்."

"அப்படியானால் இந்த ஆண்டு ஏன் ஒருவரும் கிடை போடவில்லை?"

இதற்கு ஏறன்தான் பதில் சொன்னான். "என் ஆடு கோயில் தோப்புல நாலு கிளையைக் கடிச்சிருச்சுன்னு, எல்லைக்குள்ள குளம்பு வச்சா வெட்டுவோம்னாங்க. ஊருக்கு எரு வேணாமான்னு கேட்டேன். மூடாக்கே போதும்னு அரண்மனை ஓலை இருக்கு, உன் புழுக்கையை நீயே வச்சுக்கன்னாரு தலைவரு. வச்சிருக்கேன் சாமி. மலை மாதிரி வச்சிருக்கேன்."

சேந்தியும் அன்று ஊரவையில் ஆடுகளை விடச் சொல்லி மன்றாடினாள். அரசு போதுமென்கிறது, நீ போதாதென்கிறாயா என்று அவளை உட்காரவைத்தார்கள். அதன்பின் அவள் கூடை கூடையாக எருவைத் தலையில் சுமந்து எல்லைக்கல்லைக் கடந்தாள். ஆறு வரிக்குப் போட்டு முடித்தபோது பிடிபட்டாள். ஊரவையார் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டது இதுதான்.

அன்று மாமதில் திரும்பும் வழியெல்லாம் பூழியன் தன்னோடு வழக்காடினான். தடை விதித்தது ஊரவை; பழியை அவர்கள் மீது போட்டுவிட்டால் கேட்பார் இல்லை. சேந்தி மீதே விட்டுவிட்டால் அதைவிட எளிது. ஆனால் அந்தத் தடைக்குத் துணிவு கொடுத்தது தன் ஓலை என்பதை அவன் மறைக்கவில்லை. அரசவையில் நின்று, கேட்காமல் எழுதினேன் என்றான். கோமகள், அவன் எழுதியதைக் கேட்காமல் முத்திரை வைத்தது நாம் என்றார்.

ஆகவே ஆணை இது. சேந்தி மீதான தீர்ப்புக்கு முத்திரை இல்லை. அவள் நிலம் அவளுடையது. முந்தைய ஓலை இன்றோடு செல்லாது. நிலத்தை ஏழுமுறை கிளறி ஈரத்தை வெயிலுக்குக் கொடுக்க வேண்டா. மூடாக்கை எடுக்கவும் வேண்டா, மண்ணுக்குள் புதைக்கவும் வேண்டா. எருவில்லாமல் அதை நம்பவும் வேண்டா. இடையர்க்கு விதித்த தடை நீங்கியது. அறுவடை முடிந்ததும் ஆடுகள் வயலுக்கு வரட்டும். தோப்புக்கு ஊரவையார் வேலி கட்டட்டும். பயிர் நிற்கும் வயலில் இப்போது கிடை போட முடியாதாகையால், ஏறனிடம் உள்ள எருவை அவன் கேட்கும் விலைக்கு வாங்கி, வரி வரியாகத் தட்டையை விலக்கி வேரோரம் இட்டு மீண்டும் மூடுக. பூ வெளிவர இன்னும் பத்து நாளே உண்டு. அதற்குள் போட்டால் கதிர் தேறும். பிந்தினால் இலை பச்சையாகும், கதிர் பிடிக்காது.

இதுவரை படித்துக்காட்டிய குரல் கண்காணி பூழியனுடையது. தன் பிழையைத் தன் வாயாலேயே உங்கள் நடுவில் படிக்க வேண்டுமென்பது அவனே கேட்டுப் பெற்ற தண்டனை. படித்து முடித்ததும் அவன் தலைப்பாகையை அவிழ்த்துச் சும்மாடு கட்டிக்கொண்டு முதல் கூடையைச் சுமப்பான். இரண்டாம் கூடை வயிரவாணருடையது.

சேந்தியை அழைக்க ஊரவையார் எல்லைக்கல் வரை நடந்து செல்க. அவள் வர மறுத்தால் வற்புறுத்தலாகாது. அவளுக்கு மனம் ஆறும்வரை அவள் பயிருக்கும் நீங்களே எருவிட்டுக் களையெடுத்து, விளைந்ததை அவள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்குக. எத்தனை ஆண்டானாலும் இவ்வாறே.

கோமகள் நன்முல்லையார் இதனை எழுத்தெழுத்தாகக் கேட்டபின் முத்திரை வைத்தார். செய்க.