நாற்பத்து மூன்றாம் எண்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக லேப் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனேன். பன்னிரண்டு வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, நாற்பத்து நான்கு வயதில் இதைச் செய்தேன்.

எங்கள் நர்சிங் மாணவிகள் அறுபது பேரின் மலத்தைப் பரிசோதிக்கிறோம். நோயே இல்லாத பிள்ளைகளின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி எவ்வளவு இருக்கிறது என்று டாக்டர் உமா மகேஸ்வரி பார்க்கிறார். ஐம்பத்தொன்பது வந்துவிட்டது. கச்சால் தீவுப் பெண் சௌமியா மட்டும் மூன்று நாளாக வெறும் டப்பாவோடு வந்து நிற்கிறாள். ஹாஸ்டல் கக்கூஸ் வாசலில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது— முடியவில்லையாம். நேற்று அழுதுவிட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லாதே என்றேன்.

இன்றோடு முடிக்கவேண்டும். என் டப்பாமேல் அவளுடைய 43ஆம் எண் சீட்டை ஒட்டி வைத்துவிட்டேன். ஒன்றும் இருக்காது.

ஜூலை 11, வெள்ளி

இருந்தது.

கிருமி வளர்க்கும் தட்டில் மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெற்று வளையம் விழும். இருபது பேருக்குச் சில வில்லைகளில் வளையம் இல்லை. 43இல் ஒன்றில்கூட இல்லை. வேறெந்த மருந்தும் பலிக்காதபோது போடுகிற ஊசிமருந்தின் வில்லையை ஒட்டியே முளைத்து நிற்கிறது.

போன வருடம் சென்னையில் கர்ப்பப்பை எடுத்தபோது போட்ட ஊசிகளா? அந்த வார்டா? எனக்கு ஒரு தலைவலிகூட இல்லையே. வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவிவிட்டு மீன் ஆய்ந்தேன்.

ஜூலை 14, திங்கள்

எண்ணுக்கு எதிரே பெயர் எழுதிய பட்டியல் என் அலமாரியில் பூட்டியிருக்கிறது. யாருக்கும் காட்டக்கூடாது என்று சொன்னதே டாக்டர்தான். இன்று அவரே கேட்டார். அடுத்த வாரம் பச்சைக்குழந்தைகள் வார்டில் பயிற்சி தொடங்குகிறது, அந்த ஒருத்தி யார் என்று மட்டும் சொல்லு என்றார்.

வாயைத் திறந்தேன். சௌமியா என்றுதான் வந்தது.

ஜூலை 15

அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?

ஜூலை 17, வியாழன்

டாக்டர் பிரின்ஸிபாலிடம் ரகசியமாகத்தான் சொன்னாராம். பிரின்ஸிபால் வார்டனிடம். வார்டன் புஷ்பா மெஸ்ஸில் அத்தனை பேர் முன்னால், "சௌமியா தட்டு, டம்ளர் எல்லாம் அலக்கா, தனியா இருக்கட்டும்" என்றிருக்கிறாள். கடைசிக் கக்கூஸ் கதவில் அவள் பெயரை ஒட்டியாயிற்று. பிள்ளைகள் இப்போது அவளை 'தேந்தாலீஸ்' என்கிறார்கள். இந்தியில் நாற்பத்து மூன்று.

இது நோயில்லை, மருந்தும் வேண்டாம், கையைச் சுத்தமாக வைத்தால் போதும் என்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியாதா ஜன்னத்? குழந்தைங்க வார்டாச்சே. இன்னொரு சாம்பிள் வாங்கு, பாத்துக்கலாம்" என்றார்.

சௌமியா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாளாம்.

ஜூலை 18, வெள்ளி

சௌமியா லேபுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், நான் குடுக்கவே இல்லையே."

சிங்க்கில் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினேன்.

"யாருதுன்னு நான் கேக்கல. இப்ப குடுத்து, ஒண்ணுமில்லன்னு வந்தா, அப்ப மொதல்ல வந்தது எப்படின்னு கேப்பாங்கல்ல? உங்க வேலை போயிரும். அதான் மாட்டேன்னுட்டேன்."

பத்தொன்பது வயது. என்னைக் காப்பாற்றுகிறாள். நான் என்ன சொன்னேன்? கிளாஸுக்கு நேரமாச்சு, போ என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

அவள் அப்பா காத்தமுத்து போன் செய்தார். கச்சாலில் ரப்பர் பால் வெட்டுகிறவர். கப்பலில் போனவர்கள் யாரோ அங்கே கதை பரப்பிவிட்டார்கள். படித்தது போதும், வந்துவிடு என்று மகளிடம் சொல்லிவிட்டாராம். அவளுக்கு நோயே இல்லை என்றேன்.

"நோவு இல்லேன்னா ஏன் டீச்சரம்மா புள்ளைய ஒதுக்கி வச்சிருக்காங்க?"

சிக்னல் அறுந்துவிட்டது. நல்லவேளை என்றுதான் நினைத்தேன். சீ.

என்னுடையது காண்ட்ராக்ட் வேலை. பொய் சாம்பிள் வைத்தவள் என்று தெரிந்தால் இந்த ஊரில் எந்த லேபில் சேர்ப்பார்கள்? ஒரே நாளில் அபர்டீன் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போகலாமென்றால், கணவர் உதுமானின் கடை இங்கே ஜங்லிகாட்டில். எந்தப் பக்கம் யோசித்தாலும் திரும்ப லேபில்தான் வந்து நிற்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

சௌமியா டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். புதன்கிழமை கப்பல். பிரின்ஸிபால் நாளை ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

ஒன்பதுக்கே டாக்டர் அறைக்குப் போய்விடுவேன். 43 என்னுடையது, என் பெயரிலேயே மறுபடி எடுத்துப் பாருங்கள், அந்தப் பெண்ணை வார்டுக்கு அனுப்புங்கள் என்பேன். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே சொல்லவேண்டும். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன்.

நாளைக்கு இட்லி மாவு இருக்கா என்று உதுமான் கேட்டார். இருக்கு, நான் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.