எந்தக் கோலுக்கு?

மார்ச் 3

அன்பு மாப்பிள்ளைக்கு உன் தாய்மாமன் எழுதுவது.

நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? ஆடும்போது ஒரு கோப்பை, கோச்சாகி ஒரு கோப்பை என்று! இதோ உன் டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. என் சைக்கிள் கடையில் உன் முதல் பந்துக்கு ஒன்பது பஞ்சர் ஒட்டியவன் வாக்கு பொய்க்குமா?

சீசன் ஆரம்பத்தில் உன் டீம் தோற்றபோது ஜனங்கள் உன்னைக் கூவி விரட்டியதாகப் பேப்பரில் போட்டிருந்தான். விடு. சலூனில் உன் படம் இன்னும் இருக்கிறது. கண்ணாடிக்கு மேலிருந்து கதவுக்குப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருத்தன் "யாருண்ணே இது?" என்று கேட்டுவிட்டான். பாதி ஷேவிங்கோடு எழுந்தேன். "எடக்காலு, எடக்காலுன்னு ஸ்டேடியமே கத்துச்சேடா, அவன்தான்டா!" என்றேன். அப்படியே உன் அப்பா கதையும். அன்று நீ ஃபைனல் ஆடியதை ஆஸ்பத்திரி டிவியில் பார்த்து, கைதட்டி, "என் புள்ளடா" என்று சொல்லிவிட்டுத்தானே மச்சான் கண்ணை மூடினார்? சலூனே அழுதது.

உன் மாமன்

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் சமயத்தில் வந்தது. எங்கள் கோல்கீப்பரின் அப்பா படுத்த படுக்கை. டாக்டர் கைவிரித்துவிட்டார். "கோச், நான் போகணும்" என்று வந்து நின்றான். பதினெட்டாம் தேதி ஃபைனல். அவன் இல்லாவிட்டால் தோற்போம். தோற்றால் எனக்கு வேலை இல்லை. எனக்காக இனி யாரும் கத்தப்போவதுமில்லை.

என் அப்பா கதையை அவனுக்குச் சொன்னேன். "உங்கப்பாவும் பாத்துட்டுத்தான்டா போவாரு" என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டான்.

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கைதட்டல்தான் மாமா எனக்கு ஆறுதல். அன்று நான் இரண்டு கோல் போட்டேனே, அப்பா கைதட்டியது எதற்கு? கீப்பர் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் மருமகன்

மார்ச் 12

மாப்பிள்ளை,

நேற்று உனக்குப் போன் போட்டது இதைச் சொல்லத்தான். உன் குரலைக் கேட்டதும் வேறு ஏதோ பெருமையடித்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தப் பிள்ளையை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பு. தோற்றால் தோற்றுப்போ.

உன் பந்துக்கு ஒட்டியது ஒன்பது பஞ்சர் இல்லை, மூன்று. அதை விடு. அந்த வார்டில் டிவியே கிடையாது. நீ மைதானத்தில் இறங்குமுன், காலையிலேயே மச்சான் போய்விட்டார். மூன்று நாளாக, "வந்துட்டானா?" என்ற ஒரே கேள்விதான். "பஸ்ல வந்துட்டிருக்கான் மச்சான்" என்று அவரிடம் புளுகினேன். "நல்லாருக்காரு, நீ ஆடு" என்று உன்னிடம் புளுகினேன். நீ ஜெயிக்க வேண்டும், நான் கடை வாசலில் நின்று அதைச் சொல்ல வேண்டும். அந்த ஆசைதான். நீ கோப்பையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். கடைசியில் அவர் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்தன்தானே, மறுத்துச் சொல்ல ஆளில்லை.

எந்தக் கோலுக்கு என்று கேட்டிருந்தாய். அவர் கைதட்டவில்லை, மாப்பிள்ளை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா