குடும்பஸ்தருக்கு மட்டும்

மாட்டுங்கா, பம்பாய்-19
26-7-1964

அன்புள்ள ஆறுமுகத்தாய்க்கு,

இங்கு நான் சுகம். நீயும் மாமாவும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே சாரல் விழுகிறதா? இங்கே மூன்று நாளாக மழை விட்ட பாடில்லை. கிங் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர். நேற்று ரயில் தாதரோடு நின்றுவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வீடு வந்தேன்.

ஆவணி பிறந்ததும் உன்னைக் கொண்டுவந்து விடுவதாக மாமா எழுதியிருக்கிறார். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்து பத்து நாள் உன் பக்கத்திலேயே இருந்தேன், சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. அத்தைக்குப் படித்துக் காட்டிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

விஷயம் இதுதான். நான் குடியிருக்கும் அறையின் வீட்டுக்கார அம்மாளைக் கேட்டால் எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பார். கோபப்படாதே. முழுக்கப் படி.

அறுபத்தொன்றில் நான் இங்கே வந்தபோது மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரே அறையில் ஒன்பது பேர் இருந்தோம். ஒருவன் புரண்டால் எட்டுப் பேரும் புரள வேண்டும். தளவாய் அங்கேதான் எனக்குப் பழக்கம். தாராவியில் பட்டறை வேலை, நம் வள்ளியூர்ப் பக்கத்துப் பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அறை பிடிக்கலாம் என்று ஞாயிறுதோறும் அலைந்தோம். கேட்ட இடத்திலெல்லாம் ஆயிரத்தைந்நூறு பகடி. பகடி என்றால் வாடகைக்கு மேலே முன்கூட்டிக் கொடுக்கிற பணம், திரும்பி வராது. என் ஒரு வருஷச் சம்பளத்தை வைத்தாலும் காணாது.

அப்போதுதான் இந்த வீட்டு வாசலில் பலகையைப் பார்த்தோம். மேல்மாடியில் ஓர் அறை, வாடகை முப்பத்தெட்டு, பகடி கிடையாது, குடும்பஸ்தருக்கு மட்டும். வீட்டுக்காரர் குஜராத்தி விதவை அம்மாள், எல்லாரும் மோட்டிபென் என்பார்கள், பெரிய அக்கா என்று அர்த்தமாம். பெஞ்சாதி எங்கே என்று அவர் கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். தளவாய் கூசாமல், தன் தங்கையைத்தான் எனக்குக் கட்டியிருப்பதாகவும், அவள் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருப்பதாகவும் சொல்லிவிட்டான். பெயர் என்ன என்று அவர் என்னைத்தான் கேட்டார். வாயில் வந்தது பூமாரி. சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கள் வீட்டுப் பசுவின் பெயர்.

பொய் சொல்லிப் பிடித்த அறைதான். ஆனாலும் அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. முதல் தேதி சம்பளம் வந்ததும் ஆளுக்குப் பத்தொன்பது எடுத்து ஒரு கவருக்குள் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகுவோம். அதைத் தொட்டால் கை அழுகிப் போகும் என்று தளவாய் சொல்லுவான். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் மெஸ்ஸில் ஒரு காபி வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்போம். கையில் காசு ஒன்றும் இல்லாவிட்டால் மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கமாகச் சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு வருவோம். மல்லிகையும் கறிவேப்பிலையும் சேர்ந்து மணக்கும். அந்த நடையில் எத்தனை சிரிப்பு! இப்போது சம்பளம் கூடியிருக்கிறது, அப்படிச் சிரிக்க ஆளில்லை.

அறை கிடைத்த மார்கழியில் உனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிறக்காமல் எப்படி, மாதம் எண்ணிக்கொண்டே இருந்தார் மோட்டிபென். தெரு முழுக்க சர்க்கரை கொடுத்தார். ஊருக்கு அனுப்பச் சொல்லி ஒரு பாட்டில் கிரைப் வாட்டர் வாங்கித் தந்தார். அதைத் தளவாய் வாயுத் தொல்லைக்குக் குடித்துத் தீர்த்தான். ஆபீஸிலிருந்து திரும்பும்போதெல்லாம் பிள்ளை தவழ்கிறதா, பல் முளைத்ததா என்று படியில் நிறுத்திக் கேட்பார். முதலில் பயமாக இருந்தது. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் கேட்காத நாளில் எனக்கு என்னவோ போல இருக்கும். பம்பாயில் என்னை நிறுத்தி என் வீட்டைப் பற்றி விசாரிக்க வேறு யார் இருந்தார்கள்?

ஒரு வருஷம் ஆயிற்று. பெஞ்சாதியும் பிள்ளையும் வரக் காணோமே, ஒன்று கூட்டி வா, இல்லாவிட்டால் காலி செய் என்றார். இனி எழுதுவதைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பிள்ளை காய்ச்சலில் தவறிவிட்டது, தாய் படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று சொன்னேன். யோசனை தளவாயுடையது, சொன்ன வாய் என்னுடையது.

மோட்டிபென் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அவரும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று அன்றுதான் தெரியும். மூன்றாம் நாள் மேலே ஏறி வந்து, இனி இருபத்தெட்டு கொடுத்தால் போதும், மீதிப் பத்து ரூபாயை அந்தப் பெண்ணுக்கு டானிக் வாங்க அனுப்பு என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பாவக்காசு எனக்கு வேண்டாம்ல, நீயே வச்சுக்க என்று தளவாய் தன் பத்தொன்பதை முழுதாகவே தந்தான். எனக்கும் செலவழிக்கக் கை வரவில்லை. மாதாமாதம் தபாலாபீஸில் போட்டேன். கல்யாணத்துக்கு முன் அதில் நூற்றறுபது இருந்தது. உன் கூறைச்சேலை அந்தப் பணத்தில் எடுத்ததுதான்.

தளவாய் போன மாதம் செம்பூர் பக்கம் மாறிப் போய்விட்டான். இப்போது நீ வரப்போகிறாய் என்று தெரிந்து மோட்டிபென் காத்திருக்கிறார். உன்னைத் தன் மடியில் போட்டு அழ வைக்க வேண்டுமாம். துக்கம் உள்ளேயே தங்கினால் அடுத்த பிள்ளைக்கு ஆகாதாம்.

கணக்கைப் பார். கைக்கு வருவது நூற்று அறுபத்தெட்டு. ஊருக்கு ஐம்பது, வாடகை இருபத்தெட்டு, அரிசி பலசரக்குக்கு ஐம்பது, பாலுக்குப் பன்னிரண்டு, ரயில் பாஸ் ஏழு, மண்ணெண்ணெய் ஐந்து. பதினாறு ரூபாய் மிஞ்சும். வேறு அறை அறுபதுக்குக் குறைந்து இல்லை, பகடி வேறு. உண்மையைச் சொன்னால் மறுநாள் பெட்டி தெருவில் இருக்கும். ஒரே ஒரு நாள் நீ தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டால் போதும். உனக்கு ஹிந்தி தெரியாதது ஒரு வகையில் நல்லது. கேட்கக் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். பதில் போடு.

உன் பிரியமுள்ள,
கணேசபாண்டியன்


பணகுடி
1-8-1964

அத்தானுக்கு ஆறுமுகத்தாய் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை இத்தனை பக்கம் என்ன எழுதியிருக்கிறார் என்று அம்மா கேட்டாள். பம்பாயில் மழையாம் என்றேன். இரண்டு முறை படித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூமாரி பசுவா என்று உங்கள் அம்மாவிடம் ஆள் விட்டுக் கேட்டேன். பசுதானாம், முட்டுமாம். அது வரைக்கும் நீங்கள் பிழைத்தீர்கள்.

மற்றதற்கு என்ன சொல்ல? தாலி கட்டும் முன்பே எனக்குப் பிள்ளையையும் கொடுத்து, அதற்குப் பாலும் ஊற்றி முடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான். குடித்தனம் நடத்த வருகிற அன்றைக்கே ஒப்பாரி வைக்கச் சொல்கிறீர்களே, உங்களுக்கே நன்றாக இருக்கிறதா? நாளைக்கு நிஜமாகவே ஒன்று வயிற்றில் தங்கினால் ஒவ்வொரு தும்மலுக்கும் எனக்கு இந்த நினைப்புத்தானே வரும். என்னால் ஆகாது. ஒரு நாள் என்ன, ஒரு நிமிஷம் ஆகாது.

ஹிந்தி தெரியாததால் தப்பித்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதால் அதற்குப் பாஷை வேண்டுமா? இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்தவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? சேலையை எல்லாரும் என்ன அழகு என்ன அழகு என்றார்கள். இனி அதை எடுத்து உடுத்த என் மனசு கேட்கும் என்று நினைக்கிறீர்களா?

அவரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். அறை போனால் போகட்டும். லேபர் கேம்பில் இசக்கிப்பாண்டிச் சித்தப்பா இருக்கிறார், அவர் வீட்டுப் பக்கம் ஒரு மூலை கிடைக்காமலா போகும்? எனக்குத் தையல் வரும். வாடகை கூடினால் மிஷினை மிதித்துக் கட்டுவேன். உங்களைக் கட்டிக்கொண்டு கஷ்டப்பட மாட்டேன் என்று நான் எப்போதாவது சொன்னேனா? ஏமாற்றிக்கொண்டு உட்கார மாட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

சொல்லிவிட்டேன் என்று உங்கள் கையெழுத்தில் கடிதம் வரட்டும், பெட்டி கட்டுகிறேன். அதுவரை ஆவணி ஆனாலும் சரி, ஐப்பசி ஆனாலும் சரி, நான் பணகுடியில்தான் இருப்பேன்.

மழையில் நனையாதீர்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்கள்.

ஆறுமுகத்தாய்


மாட்டுங்கா, பம்பாய்-19
12-8-1964

அன்புள்ள ஆறுமுகத்தாய்க்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று நாள் படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் மோட்டிபென் கண்ணில் படாமல் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாசலில் முறத்தில் கோதுமை பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் நடந்தது இந்த வைகாசியில்தான் என்பது முதல் உன் சேலை வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? அப்படியானால் அந்தப் பிள்ளை சாகவில்லையா என்றார். பிள்ளையே கிடையாது என்றேன். அது காதில் விழாத மாதிரி, சாகவில்லைதானே என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன், ஆறுமுகத்தாய். அவர் என்னை அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது. வந்ததே ஒரு கோபம்! குஜராத்தியில் அவர் வைத்த வசவில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியே ஆயுசுக்கும் போதும். தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு இரண்டு நாள் பேச்சே இல்லை. நான் செம்பூர் போய்த் தளவாயிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கிட்டு இங்கன வந்துரு மாப்ளே, தங்கச்சி வந்தா பொறவு பாத்துக்கலாம் என்றான். அவனுக்கு இன்னும் நீ தங்கைதான்.

நேற்று ஆபீஸ் விட்டு வந்தபோது மோட்டிபென் என் அறை வாசலில் நின்றிருந்தார். மேல்மூச்சு வாங்க ஏறி வந்திருக்கிறார். இப்படி உண்மையைச் சொல்ல உனக்கு யார் புத்தி சொன்னது என்று கேட்டார். உன் கடிதத்தை எடுத்து வரிக்கு வரி ஹிந்தியில் சொன்னேன். பசு முட்டும் என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஷினை மிதித்துக் கட்டுவேன் என்று நீ எழுதியதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

கடைசியில் முடிவு சொன்னார். வாடகை இந்த மாதத்திலிருந்து பழையபடி முப்பத்தெட்டு. வாங்கிய நூற்றெண்பதையும் மாதம் ஐந்தாகத் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று வருஷம் ஏமாற்றினாய், மூன்று வருஷம் கட்டு என்றார். தலையை ஆட்டினேன். நான் போட்ட கணக்கில் மிஞ்சிய பதினாறில் இனி ஒரு ரூபாய்தான் மிஞ்சும். அதை என்ன செய்வது என்று நீயே சொல்.

இன்னும் ஒன்று. உனக்கு நான் அறை தர மாட்டேன், உன் பேச்சை இனி ஒரு நாளும் நம்ப மாட்டேன், அறையை அந்தப் பெண்ணுக்குத்தான் தருகிறேன் என்றார். வாடகை ரசீது இனி உன் பேரில்தான். உண்மைப் பெயரைச் சொல் என்று பேனாவை எடுத்தார். ஆறுமுகத்தாய் என்றேன். நாலு தடவை சொல்லிப் பார்த்தும் அவர் நாக்கு புரளவில்லை. இது நீ கட்டிவிட்ட பெயராக இருக்காது என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

ஆனால் கெடு வைத்திருக்கிறார். ஆவணி முடிவதற்குள் நீ இந்தப் படியேறி வருவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். வராவிட்டால் நான் பெட்டியோடு இறங்க வேண்டும். பெஞ்சாதி வருகிறாள், வருகிறாள் என்று மூன்று வருஷம் கேட்டாயிற்று, இனி கதை வேண்டாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நீ கேட்டபடி என் கையெழுத்தில் எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். பெட்டியைக் கட்டு. தையல் மிஷின் இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாமாவுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம். எனக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை, உனக்கு என்மேல் இருப்பதை இங்கே வந்து தீர்த்துக்கொள். எப்படியாவது வந்துவிடு.

உன் அறையில், நீ வரும்வரை குடியிருக்கும்,
கணேசபாண்டியன்